பழைய காற்றுத் துப்பாக்கியும் அதனைச் செப்பஞ் செய்தலும்

எட்டா இடத்திலுள்ள பொருளை இருந்த இடத்திலிருந்தே தொடவேண்டும் என்னும் விருப்பம் மக்கட்கு மிகப் பழமையானது. நம் குறிஞ்சித்திணைப் பாடல்களில் தினைப்புனங் காக்கும் மகளிர் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஓசையெழுப்பியும், கவணிற் கல்லேற்றி எறிந்தும் கிளிகளை ஓட்டக் காண்கின்றோம். வள்ளியைப் பற்றிய கதையும் அத்தகைய தினைப்புனம் ஒன்றிலேயே தொடங்குகின்றது. அவளை முருகன் மணந்தது திருத்தணியிலே என்பது எம் ஊரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. கவணில் கையின் விசை தொழில் செய்கின்றது. வில்லில் வளைந்த மரத்தின் விசை தொழில் செய்கின்றது. துப்பாக்கியில் வெடிமருந்தின் விசை தொழில் செய்கின்றது. வில்லுக்கும் துப்பாக்கிக்கும் இடையே நிற்கும் கருவி ஒன்று உண்டு. அதுவே சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி. பிறர் பயன்படுத்திக் கழித்த அத்தகைய துப்பாக்கியை ஆராய்ந்து வாங்குதலும், வீட்டிலேயே பிரித்துச் செப்பஞ் செய்தலும் எவ்வாறு என்பதை யாம் கண்ட அளவில் ஈண்டு விளக்குவோம். செப்பஞ் செய்தலாவது விசையைப் பெருக்குதல் என்று பலர் எண்ணுகின்றனர். ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இயங்கச் செய்தலே செப்பஞ் செய்தல் என்பது இக்கட்டுரையின் முடிபு.

வரலாறும் அமைப்பும்

காற்றின் விசையால் குண்டெறியும் கருவி புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஜிராண்டோனி என்பார் அமைத்த காற்றுத் துப்பாக்கி ஆஸ்திரியப் படையிற் பயின்றது. 1804 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் குழுவினரும் காற்றுத் துப்பாக்கி ஒன்றை உடன்கொண்டு சென்றனர். அவையெல்லாம் முன்னரே காற்றை அடைத்துவைத்த கலத்தை உடையவை. சுருள்வில்லால் இயங்கும் வகை பின்னர் வந்தது. ஜெர்மனியில் ராஸ்டாட் நகரில் 1890இல் தோன்றிய 'டயானா' நிறுவனமும், இங்கிலாந்தில் ஜெப்ரீஸ் என்பாரின் அமைப்பைத் தழுவி 1905ஆம் ஆண்டளவில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய பி. எஸ். ஏ. நிறுவனமும் இதனை உலகெங்கும் பரப்பின. நம் நாட்டிலும் இவை செய்யப்படுகின்றன. மகாராட்டிரத்தில் பிரிசிஹோல் என்னும் நிறுவனம் இத்தொழிலில் அறியப்பட்டது. குழாய்களாற் பெயர்பெற்ற இந்தியன் ஹியூம் பைப் நிறுவனமும் காற்றுத் துப்பாக்கிகள் செய்ததுண்டு.

இதன் அமைப்பை அறிய மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொண்டாற் போதும். பம்பின் உருளைக்குள்ளே தண்டு ஒன்றும், அதன் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷரும் உள்ளன. கையால் அழுத்தினால் காற்று நெருங்கிச் சிறு துளை வழியே வெளிப்படும். துப்பாக்கியிலோ கைக்கு மாறாகச் சுருள்வில் அழுத்துகின்றது. குழலைக் கீழ்நோக்கி மடக்குங்கால் பிஸ்டன் பின்னே தள்ளப்பட்டுச் சுருள்வில் ஒடுங்குகின்றது. ஒடுங்கிய நிலையில் ஒரு கொக்கி பிஸ்டனைப் பற்றிக்கொள்ளுகின்றது. இஃது வில்லிற்கு நாணேற்றுதல் போன்றது. பின்னர் இடை குறுகிய ஈயக்குண்டைக் குழலின் பின்வாயில் இட்டு, குழலை நிமிர்த்தி, விசையை அழுத்தினால் கொக்கி விலகும், சுருள்வில் விரியும், பிஸ்டன் பாய்ந்து முன்னுள்ள காற்றை நெருக்கும், அக்காற்று குண்டைத் தள்ளும். இத்தனையும் நொடியில் நூற்றிலொரு பங்கு அளவிலே முடிந்துவிடுகின்றன.

இதனால் ஓர் உண்மை விளங்கும். பிஸ்டன் உருளையின் முன்சுவரில் மோதாமல் தடுப்பது, குண்டின் பின்னே நெருங்கிநிற்கும் காற்றே. குண்டின்றி வெறுமனே சுட்டால் காற்று தடையின்றி ஓடிப்போம்; பிஸ்டன் சுவரில் அறையும்; வாஷரும் வில்லும் கெடும். ஆகையால் வெறுஞ்சூடு சுடலாகாது என்பது இக்கருவிக்கு முதல் விதி.

வாங்கும் முறை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கூடும் கூட்டத்தைக் கண்டோர், மலையடிவாரத்துக் கடைகளிடையே பலகையில் பலூன்களைக் கட்டிச் சுடவிடும் கடைகளையும் கண்டிருப்பர். அத்தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து குழல் மடக்கும் வகைத் துப்பாக்கி ஒன்றை எம் தந்தையார் தம் பெயரில் வாங்கித் தந்தனர். விற்றவர் தெலுங்குங் கலந்து பேசும் எல்லைப்புறத்தார். "இது எத்தனையோ திருவிழாப் பார்த்த துப்பாக்கி, தம்பி. சுடும், ஆனால் சொன்ன இடத்தில் சுடாது" என்று உள்ளதை உள்ளபடியே கூறினார். அவர் கூறிய இக்குறையை நீக்குவதே எம் முயற்சியாயிற்று.

வாங்குவோர் முதலிற் காணவேண்டுவது சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் 2016இல் வகுக்கப்பெற்ற விதிகளின்படி, குழல்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. இவற்றுள் ஒன்று மிகினும் உரிமம் வேண்டும். 5.5 மில்லிமீட்டர் விட்டமுடைய பழைய துப்பாக்கியைக் குறைந்த விலைக்குத் தருவோம் என்பார் உளர். அதனை உரிமமின்றி வாங்குதல் குற்றமாம். விற்பவர் வாங்குபவர் இருவர் பெயரும் முகவரியும், துப்பாக்கியின் எண்ணும், நாளும் குறித்த எழுத்துச் சீட்டொன்றைப் பெற்றுக்கொள்ளுதல் பின்னாளில் எழக்கூடிய வழக்கினைத் தடுக்கும். மாணவர் இதனைப் பெரியோர் அறியாமல் வாங்குதல் எவ்வாற்றானுந் தகாது.

இனி, பொருளை ஆராய்தல். கண்டவுடன் மேற்பூச்சை நோக்கி மயங்குதல் கூடாது. மரக்கட்டையின் பளபளப்பு இலக்கைத் தொடுவதற்கு உதவாது. நோக்கவேண்டியவை நான்கு. முதலாவது, குழல் நேரானதா என்பது. குண்டில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, குழலை மடக்கிப் பின்வாயிலிருந்து ஒளியை நோக்கிப் பார்த்தால் உட்புறத்து வளையங்கள் ஒரே மையத்தில் ஒடுங்கித் தோன்றவேண்டும். ஒருபுறம் பிறைபோல் நிழல் தடித்தால் குழல் வளைந்தது என்க. இரண்டாவது, குழல் மடங்கும் கீல். நிமிர்த்திய குழலை இடமும் வலமும் அசைத்தால் ஆட்டங் காணலாகாது. மூன்றாவது, கொக்கியின் பிடிப்பு. குழலைக் கையால் இறுகப் பற்றிக்கொண்டே நாணேற்றி, பிடியை விடாமல் சிறிது நேரம் பார்க்கவேண்டும். பிடிப்புத் தேய்ந்த கொக்கி தானே நழுவும்; அப்போது குழல் பொறிபோல் மேலெழுந்து விரல்களை நசுக்கும். அத்தகையதை எவ்விலைக்கும் வாங்குதல் ஆகாது. நான்காவது, காற்றுக் கசிவு. குழலும் உருளையும் பொருந்தும் இடத்தின்மேல் மெல்லிய தாள்துண்டொன்றை வைத்துச் சுட்டால், கசிவுள்ள துப்பாக்கி அத்தாளைப் பறக்கவிடும். இக்கசிவு எளிதில் தீர்வது. ஆதலின் இதற்காக வாங்காமல் விடவேண்டுவதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

எம் துப்பாக்கியில் குழல் நேராக இருந்தது. கொக்கியும் உறுதியாக இருந்தது. தாள் பறந்தது. சுடுந்தோறும் குழல்வாயில் புகையும் எழுந்தது.

புகையின் காரணம்

வெடிமருந்தில்லாத கருவியில் புகை எழுவது யாது காரணத்தால்? காற்றை விரைவாக நெருக்கினால் அது சூடேறும். இதனையறிந்து, உருளைக்குள் பஞ்சு போன்ற பொருளை வைத்துத் தண்டை ஓங்கி அழுத்தித் தீயெழுப்பும் சிறு கருவியைத் தென்கிழக்காசிய மக்கள் பயன்படுத்தியுள்ளனர். டீசல் எந்திரமும் இவ்வுண்மையாலேயே இயங்குகின்றது. பழுதான துப்பாக்கிக்கு மருந்தென்று எண்ணி எவரேனும் எண்ணெயை மிகுதியாக ஊற்றினால், நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் அவ்வெண்ணெய் பற்றி எரிகின்றது. ஓசை பெரிதாகும், குண்டும் சிலபோது விரைந்து செல்லும். இதனைக் கண்டு துப்பாக்கி நன்றாக வேலை செய்கின்றது என்று மகிழ்வாருமுளர். ஆனால் ஒருமுறை எரிந்த அளவு எண்ணெய் மறுமுறை எரிவதில்லை. ஆகவே வேகம் சூட்டுக்குச் சூடு மாறும். வில்லும் வாஷரும் அதிர்ச்சியாற் கெடும்.

பிரித்தலும் செப்பஞ் செய்தலும்

பிரிப்பதற்கு முன் அறியவேண்டுவது ஒன்று. நாணேற்றாத நிலையிலும் சுருள்வில் உருளைக்குள்ளே ஓரளவு ஒடுங்கியே இருக்கின்றது. பின்மூடியைத் தாங்கும் ஊசியை அறியாது கழற்றினால், மூடியும் வில்லும் பாய்ந்து முகத்திற் படும், கண் போகும். ஆதலின் தச்சர் பலகை இறுக்கும் நீண்ட கிளாம்பு இன்றியமையாதது. எம் வீட்டிற்கு அண்மையில் மாந்தோப்புடைய பெரியவர் ஒருவர் அதனை இரவல் தந்துதவினார். துப்பாக்கியில் குண்டில்லை, நாணேற்றப்படவில்லை என்பதை இருமுறை பார்த்து, மரக்கட்டையின் திருகாணிகளைக் கழற்றி, இரும்புப் பகுதியைக் கிளாம்பில் நீளவாக்கில் இறுக்கி, மூடியின் அழுத்தத்தைக் கிளாம்பு தாங்கிய பின்னரே ஊசியைத் தட்டி எடுத்தோம். பிறகு கிளாம்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்த, வில் தன் விசையை இழந்து அமைதியாக வெளிவந்தது.

உள்ளே கண்டவை: பழைய எண்ணெயும் புழுதியுங் கலந்த கரிய சேறு; ஒருபுறந் தேய்ந்து உலர்ந்த தோல் வாஷர்; முனை கூர்மையாக இருந்தமையாற் பிஸ்டனைக் கீறியிருந்த சுருள்வில். இவற்றிற்கு யாம் செய்தவற்றை முறையே கூறுவோம்.

உருளையை மண்ணெண்ணெயிற் கழுவித் துணியால் உலர்த்தினோம். சுருள்வில்லின் இருமுனைகளையும் அரத்தால் மழுக்கி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினோம். வில்லைச் சமதளமான கண்ணாடியின்மேல் உருட்டிப் பார்த்தபோது அது கோணாமல் உருண்டது. கோணியிருப்பின் வேறு வில் வேண்டும். வில்லின் உள்ளே நின்று தாங்கும் தண்டு மெலிந்திருந்தமையால், வில் விரியுங்கால் பக்கவாட்டில் ஆடி அதிர்ந்தது. கடைசல் பட்டறையில் அளவு சொல்லி, வில்லின் உட்புறத்திற்குப் பொருந்தும் புதிய தண்டொன்றைக் கடைந்து வாங்கினோம். சுடுந்தோறும் கேட்ட கணகணப்பு ஓசை இதனாலேயே பெரும்பாலும் ஒழிந்தது.

வாஷர் செய்தல் மிக நுட்பமானது. செருப்புத் தைப்பவரிடம் தடித்த தோல் வாங்கி, வட்டமாக வெட்டி, நீரில் நனைத்து, உருளையின் அளவொத்த குழாய்த்துண்டில் அழுத்திவைத்து உலர்த்தினால் அது கிண்ண வடிவம் பெறும். உலர்ந்தபின் சிலிகோன் எண்ணெயிற் சிறிது ஊறவைத்து, மிகுதியை அறத் துடைத்து, பிஸ்டனிற் பொருத்தினோம். உருளையினுள் அது கையழுத்தத்திற்கு மெல்ல இணங்கிச் செல்லவேண்டும். மிக இறுகினால் வேகம் குறையும், தளர்ந்தால் காற்று கசியும். குழல் பொருந்தும் வாயிலிருந்த சிறு வளையத்தையும் மாற்றினோம். வில்லிற்கும் பிஸ்டனின் பக்கங்களுக்கும் மோட்டார்க் கடைகளிற் கிடைக்கும் மாலிப்டினங் கலந்த கரிய கிரீஸை மிக மெல்லிதாகப் பூசினோம். பிஸ்டனின் முகத்திற்கு முன்னே கிரீஸோ எண்ணெயோ தங்கவிடலாகாது. தங்கினால் மீண்டும் புகை.

விசையின் கொக்கியை மட்டும் யாம் தொடவில்லை. அழுத்தம் எளிதாகவேண்டும் என்று அதனை அரத்தால் தேய்ப்பவர் உளர். தேய்ந்த கொக்கி தானே நழுவும் என்பதை முன்னரே கூறினோம். அவ்வாறே, கடினமான புதிய வில்லை இட்டு வேகத்தைக் கூட்டுமாறு சிலர் அறிவுறுத்தினர். அதிக விசை, அதிக அதிர்ச்சியையும் உடன் தருவது; 20 ஜூல் எல்லையைக் கடந்துவிட்டாலோ உரிமமில்லாத ஆயுதமாம்.

அளந்து காணுதல்

செய்த வேலை பயன்பட்டதா என்பதை அளவாலன்றி அறிய இயலாது. விலையுயர்ந்த வேகமானி வேண்டுவதில்லை. சுடுமிடத்தில் கைப்பேசியை வைத்து ஒலிப்பதிவு செய்து, 10 மீட்டர்த் தொலைவில் தகரத்தட்டின்மீது தாளிலக்கு வைத்துச் சுட்டோம். கணினியில் அப்பதிவை விரித்துப் பார்த்தால் சூட்டின் ஓசையும், குண்டு தகரத்திற் படும் ஓசையும் தனித்தனியே தோன்றும். இடைப்பட்ட காலம் 0.099 நொடி எனக் கொள்வோம். தகரத்தின் ஓசை திரும்பி வருவதற்கு, நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும் ஒலிக்கு, 0.029 நொடி ஆகும். அதனைக் கழித்தால் எஞ்சுவது 0.070 நொடி, ஆகவே குண்டின் சராசரி வேகம் நொடிக்கு 143 மீட்டர். குண்டின் எடை அரை கிராமாயின் ஆற்றல் 5 ஜூலுக்குச் சிறிதே மேற்படும். சட்டத்தின் எல்லையில் இது நாலிலொரு பங்கு.

செப்பஞ் செய்வதற்கு முன் பத்துச் சூட்டின் வேகம் நொடிக்கு 120 முதல் 150 மீட்டர் வரை சிதறியிருந்தது. பின்னர் அது 138 முதல் 146க்குள் அடங்கிற்று. மிகுந்த வேகம் 150இலிருந்து 146ஆகக் குறைந்தமை நோக்கத்தக்கது. அந்த 150 எண்ணெய் எரிந்ததனால் வந்த வேகம். இனி, புவியின் ஈர்ப்பால் குண்டு 10 மீட்டர் செல்வதற்குள் எவ்வளவு தாழும் என்று கணக்கிட்டால், 120 மீட்டர் வேகத்தில் 3.4 சென்டிமீட்டரும், 150இல் 2.2 சென்டிமீட்டரும் ஆகும். வேறுபாடு 12 மில்லிமீட்டர். 138க்கும் 146க்கும் உள்ள வேறுபாடோ 3 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. 'சொன்ன இடத்தில் சுடாது' என்ற குறை எங்கிருந்தது என்பதும், எவ்வாறு நீங்கிற்று என்பதும் இதனால் விளங்கும். எப்போதும் ஒரே அளவாகத் தாழும் குண்டிற்கு நோக்குமுனையைச் சிறிது உயர்த்தி ஈடுசெய்யலாம். சூட்டுக்குச் சூடு மாறும் குண்டிற்கு ஈடுசெய்ய எவராலும் இயலாது.

கருவி ஒருமைப்பட்டபின் சுடுவோனும் ஒருமைப்பட வேண்டும். பிஸ்டன் பாய்வதும் நிற்பதும் குண்டு குழலை விட்டு நீங்குமுன்னரே துப்பாக்கியை அசைக்கின்றன. ஆகவே இதனை இறுகப் பற்றினால் பிடியின் மாறுபாடு இலக்கில் தெரியும். முன்கையை விரித்து அதன்மேல் துப்பாக்கியைப் படியவிட்டு, அது தன்போக்கில் அசைய இடங்கொடுத்தலே நன்று. ஒலிம்பிக் பந்தயத்தில் 10 மீட்டர்க் காற்றுத் துப்பாக்கியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமே உடையது. 2008இல் பெய்ஜிங் நகரில் அபினவ் பிந்த்ரா பொற்பதக்கமும், சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலப் பதக்கமும் இப்போட்டியிலேயே பெற்றனர். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் இத்துறையில் நம் நாட்டிற்குப் பெயர் தேடித்தருபவர். அவர்தங் கருவிகள் நெருக்கிய காற்றுக் கலமுடைய வேறுவகையின. எனினும் ஒருமைப்பாடே உயிர் என்பது இரண்டிற்கும் பொது.

எதன்மேற் சுடுவது

துப்பாக்கி செப்பமுற்றதை அறிந்தவுடன், கிளாம்பு தந்த மாந்தோப்புப் பெரியவர் வந்தார். "தம்பி, பிஞ்சு முதற்கொண்டு கிளிகள் கொத்திப் பாழாக்குகின்றன. நாலு கிளியை அடித்துக் கட்டித் தொங்கவிட்டால் மற்றவை வாரா. ஒரு காலை வந்து உதவு" என்றார். அவர் சொன்ன இழப்பு மெய்யானது. அத்தோப்பின் வருவாயிலேயே அவர்தம் மகள் கல்லூரியிற் பயில்கின்றாள். அவரிடம் இரவல் வாங்கிய கடப்பாடும் எமக்கு உண்டு. எனினும், "மாமா, மன்னிக்க வேண்டும், கிளியின்மேற் சுடமாட்டோம்" என்று கூறினோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கிளியைக் கொல்லுதலைத் தடுக்கின்றது என்பதையும் எடுத்துரைத்தோம். அவர் மகிழ்வுடன் செல்லவில்லை.

மறுவாரம் எம் தந்தையாரும் யாமும் அவர்தம் தோப்பில் ஒளிரும் நாடாக்களைக் கிளைதோறும் கட்டி, காற்றில் மோதி ஒலிக்குமாறு தகரத்துண்டுகளையும் தொங்கவிட்டோம். பழம்பாடல்களில் தட்டை செய்த தொழிலை இத்தகரங்கள் செய்தன எனலாம். கிளிகள் குறைந்தன, அறவே ஒழியவில்லை. பெரியவர் எம்மோடு பழையபடி பேசுகின்றார். ஆனால் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதில்லை.

உயிர்களின்மேற் சுடாமை நாட்டின் வேறு பகுதியிலும் மக்கள் முயற்சியாக எழுந்துள்ளது. அருணாசலப் பிரதேசத்தில் வேட்டையாற் பறவையினம் அருகியமை கண்டு, 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கிழக்குக் காமெங் மாவட்டத்து லும்டுங் சிற்றூரில் காற்றுத் துப்பாக்கி ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கிற்று. வழிவழியாக வேட்டையாடிய மக்கள் 2,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகளைத் தாமே கொண்டுவந்து கொடுத்தனர் என்பது வியக்கத்தக்கது.

துப்பாக்கியை வைத்திருப்போர் கைக்கொள்ள வேண்டியவை சில. இலக்கின் பின்னே மண்சுவரோ மணல்மூட்டையோ இருத்தல் வேண்டும். குறிதப்பிய குண்டு 200 மீட்டருக்கு மேலும் செல்லவல்லது. கல்லிலும் வெற்றுத் தகரத்திலும் பட்ட குண்டு திரும்பித் தெறிக்கும். ஆகவே தகரத்தின்முன் நிற்பவர் கண்ணாடி அணிந்து, அருகில் எவரையும் நிறுத்தாது சுடுதல் வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணலாகாது. நாணேற்றிய துப்பாக்கியை ஓரிடத்தில் வைத்துவிட்டு அகலலாகாது. பிள்ளைகள் எட்டாதவாறு பூட்டிவைத்தல் வேண்டும்.

திருத்தணிகை என்னும் பெயர், போர் முடித்த முருகன் சினந் தணிந்த இடமாதலின் வந்தது என்பர். பிற முருகன் தலங்களிற் போலச் சூரசங்காரம் இங்கு நிகழ்வதில்லை. மலர் வழிபாடே நிகழ்கின்றது. ஊரின் பெயருக்கும் எம் துப்பாக்கிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் சுருள்வில் ஒன்றின் சீற்றத்தை அடக்கி, அளவுக்குட்படுத்தி, தாளிலுள்ள கரும்புள்ளி ஒன்றிற்கு மட்டுமே அதனைச் செலுத்தக் கற்ற சில திங்களில், தணிதல் என்னும் சொல்லின் பொருள் எமக்குச் சிறிது விளங்கிற்று. இம்முயற்சியில் ஈடுபட விரும்பும் எம் கல்லூரித் தோழர், கிளாம்பை முதலில் தேடிக்கொள்க. வில்லை அதன் பின்னர்த் தொடுக.